தம்பி பக்கம் பேச ஒருவர்

நான் படித்தது மூன்றாம் வகுப்பு. அதையும் முழுதாக முடிக்கவில்லை. ஆனால் கல்வராயன் மலையில் எந்த ஊர் மரவள்ளிக் கிழங்கு எத்தனை பாயிண்ட் நிற்கும் என்று ஒடித்துப் பார்த்தே சொல்லிவிடுவேன். பாயிண்ட் என்றால் கிழங்கில் இருக்கிற மாவின் அளவு. ஜவ்வரிசி ஆலைக்காரர்கள் அதற்கு மெஷின் வைத்திருக்கிறார்கள். நான் சொல்கிற கணக்குக்கும் அந்த மெஷினுக்கும் அரைப் பாயிண்டுக்கு மேல் வித்தியாசம் வந்ததில்லை. கச்சிராயபாளையத்தில் மூட்டை தூக்கி ஆரம்பித்தவன், இன்றைக்கு நைனார்பாளையத்தில் மாடி வீடும் சொந்தக் கிழங்கு மண்டியும் வைத்திருக்கிறேன். யாரும் கொடுத்ததில்லை, நானே சம்பாதித்தது.

இப்போது சென்னையில் ஒரு பெரிய ஆஸ்பத்திரிக்கு எதிர்ச் சந்தில், மாடியில் ஒற்றை அறை எடுத்து நாலு மாதமாகத் தங்கியிருக்கிறோம். என் மகன் குமரேசன், மருமகள் செல்வி, பேத்தி யாழினி, பேரன் இனியன், அப்புறம் நான். ஆஸ்பத்திரியில் புதிதாக வருகிறவர்கள் என்னிடம்தான் வழி கேட்கிறார்கள். எந்தக் கவுண்டரில் டோக்கன், எந்த மாடியில் ஸ்கேன், எந்த நர்ஸ் ஊசி வலிக்காமல் போடும், எல்லாம் எனக்கு அத்துப்படி. "இதெல்லாம் எழுதி வெச்சா எங்களை மாதிரி ஆளுங்களுக்கு உதவுமே பெரியவரே" என்றார் ஒருவர். அதனால் எழுதுகிறேன். வியாழக்கிழமைக்குள் எழுதி முடிக்க வேண்டும். ஏன் என்று கடைசியில் சொல்கிறேன்.

யாழினிக்கு எட்டு மாதம் இருக்கும்போது முகம் வெளுக்க ஆரம்பித்தது. உள்ளங்கை, நகம், நாக்கு எல்லாம் சுண்ணாம்பு மாதிரி. பால் குடிக்க மாட்டாள், வயிறு மட்டும் உப்பிக்கொண்டே போகும். செல்வி பயந்துபோய்க் கள்ளக்குறிச்சிக்குக் கூட்டிப் போகலாம் என்றாள். நான்தான், "ரத்தம் கம்மியா இருக்குது, அவ்ளோதான்" என்று சொல்லிவிட்டேன். ஞாயிறு தவறாமல் மலையிலிருந்து கருப்பு வெள்ளாட்டின் சுவரொட்டி, அதாவது மண்ணீரல், வரவழைத்து, சுட்டு, சாறு பிழிந்து கொடுக்க வைத்தேன். சுவரொட்டி ரத்தம் ஊறவைக்கும் என்று எங்கள் பக்கத்தில் குழந்தைக்குக்கூடத் தெரியும். அதோடு மெடிக்கலில் கேட்டு இரும்புச் சத்து டானிக்கும் வாங்கிக் கொடுத்தேன். நாலு மாதம் இப்படிப் போனது. ஒருநாள் பிள்ளை மூச்சு வாங்கிக் கண் சொருகிய பிறகுதான் காரை எடுத்தேன்.

நோயின் பெயர் தலசீமியா. எனக்குப் புரிந்த மாதிரி சொல்கிறேன். ரத்தத்தில் சிவப்பு அணு என்று இருக்கிறது. நாம் இழுக்கிற மூச்சைச் சுமந்துகொண்டு போய் உடம்பு முழுக்க இறக்குகிற லோடுமேன் அது. எலும்புக்கு உள்ளே மஜ்ஜை என்று இருக்கிறது, அங்கேதான் அது உற்பத்தியாகிறது. இந்த நோயில் உற்பத்தியே கோளாறு. லோடுமேன் நோஞ்சானாகப் பிறந்து, சீக்கிரம் செத்தும் போகிறான். அதனால் மூன்று நாலு வாரத்துக்கு ஒருமுறை அடுத்தவர் ரத்தம் ஏற்ற வேண்டும். ஏற்றுகிற ஒவ்வொரு பையிலும் இரும்பு இருக்கிறது. அது வெளியே போக வழியில்லாமல் ஈரலிலும் இருதயத்திலும் படிகிறது. அதை இறக்க ஒரு மாத்திரையைத் தண்ணீரில் கரைத்து வெறும் வயிற்றில் குடிக்க வேண்டும். யாழினி நாலு வயது வரை அதைத் துப்பாத நாள் கிடையாது.

இரும்பு சேரக் கூடாத பிள்ளைக்குத்தான் நான் இரும்பு டானிக்கும் சுவரொட்டியும் கொடுத்திருக்கிறேன்.

அம்மா அப்பா இருவரிடமும் பாதிப் பாதிக் குறை இருந்தால்தான் பிள்ளைக்கு முழு நோய் வரும் என்றார் டாக்டர். குமரேசனுக்கும் செல்விக்கும் இருந்தது. செல்வி வேறு யாருமில்லை, என் கூடப் பிறந்த அக்காவின் மகள். நிலம் வெளியே போகக் கூடாது என்று நானே முன்னின்று மகனுக்குக் கட்டிவைத்தேன். கல்யாணப் பந்தலில், "எங்க ரத்தம் எங்க வூட்லயே இருக்குது" என்று மைக்கில் வேறு பேசினேன். டாக்டர் இதைச் சொன்ன அன்றைக்கும் விடவில்லை.

"எங்க பக்கம் இதெல்லாம் வராதுங்க. என் பொஞ்சாதி பக்கம் இருந்திருக்கும். என் ரத்தத்தையும் எடுத்துப் பாருங்க."

எடுத்துப் பார்த்தார்கள். எனக்குப் பாதிக் குறை. பிறகு அக்காவுக்கு. அவளுக்கும்.

யாழினிக்கு மூன்றரை வயதில் சென்னைக்கு வந்தோம். மஜ்ஜையை மாற்றினால் நோய் தீரும், கூடப்பிறந்தவர்களின் மஜ்ஜை பொருந்தினால்தான் நல்லது, ஏழு வயதுக்குள் செய்வது உத்தமம் என்றார்கள். பிள்ளைக்குக் கூடப்பிறந்தவர் இல்லை. நான் யோசிக்கவே இல்லை.

"அதுக்கென்னங்க, இன்னொண்ணு பெத்துக்கட்டும்" என்றேன்.

டாக்டர் ஒரு தாளில் நாலு கட்டம் போட்டுக் காட்டினார். பிறக்கிற பிள்ளை பொருந்துவதற்கு நாலில் ஒரு வாய்ப்பு. அந்தப் பிள்ளைக்கே இதே நோய் இருப்பதற்கும் நாலில் ஒரு வாய்ப்பு. ஆய்வுக்கூடத்தில் கருவை உண்டாக்கி, பொருந்துகிறதை மட்டும் பார்த்து வைக்கிற முறையும் இருக்கிறது, ஆனால் உறுதி இல்லை, செல்வியின் உடம்புக்கும் சிரமம் என்றார். செல்வி அந்தத் தாளையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

திரும்பும்போது உளுந்தூர்பேட்டைக்கு முன்னால் டீக்கடையில் நிறுத்தினோம். யாழினி காரில் தூங்கிக்கொண்டிருந்தாள். செல்வி டீயைக் கையில் வைத்துக்கொண்டே கேட்டாள்.

"மாமா, பொறக்கறது பொருந்தலைன்னா?"

"அதுக்கு அடுத்தது பாக்கலாம்."

"அப்ப இது?"

"இது பாட்டுக்கு இருந்துட்டுப் போவட்டும். நமக்கு இன்னா சோத்துக்கா பஞ்சம்?"

"இருந்துட்டுப் போவட்டுமா? வூட்ல கெடக்கற பழைய கட்டிலா மாமா அது?"

குமரேசன், "ஏய், சும்மா இரு" என்றான். அவன் எப்போதும் அப்படித்தான், என் முன்னால் வாய் திறக்க மாட்டான். நான், "உம்பொண்ணு வாணும்னா பெத்துக்க. வாணாம்னா நாலு வாரத்துக்கு ஒருக்கா ரத்தத்துக்கு நாய் மாதிரி அலையறத நானே பாத்துக்கறேன்" என்றேன். இப்படிச் சொல்லியிருக்கக் கூடாது. அவள் டீயைக் குடிக்காமல் வைத்துவிட்டுக் காரில் ஏறினாள். எட்டு ஒன்பது மாதம் கழித்து உண்டானாள்.

மூன்றாம் மாதம் நஞ்சுக்கொடியிலிருந்து துளி எடுத்து, கருவுக்கு நோய் இருக்கிறதா என்று பார்த்தார்கள். அப்போதே பொருத்தத்தையும் பார்த்துச் சொல்லச் சொன்னேன். டாக்டர் பேனாவை மூடி வைத்தார்.

"பொருத்தம் இல்லைன்னு வந்தா என்ன செய்வீங்க ஐயா?"

"அதுக்குத் தக்கன முடிவு பண்ணிக்கலாங்க."

"அந்த முடிவுக்காக நாங்க பார்த்துச் சொல்ல மாட்டோம். நோய் இருக்கான்னு மட்டும் பார்ப்போம். மத்தது பொறந்த பிறகு."

நோய் இல்லை, பாதிக் குறைதான் என்று வந்தது. எனக்குக் கோபம் அடங்கவில்லை. மிச்ச ஆறு மாதமும் சரக்கு உள்ளே என்ன என்று தெரியாமல் லாரியை ஓட்டுகிற மாதிரி இருந்தது. டாக்டர் ஏன் பேனாவை மூடினார் என்று அப்போது எனக்கு விளங்கவில்லை. செல்விக்கு விளங்கியிருக்கிறது. வெளியே வந்ததும் அவருக்குத் தனியாகக் கையெடுத்துக் கும்பிட்டுவிட்டு வந்தாள்.

இனியன் பிறந்தான். மூன்று கிலோ, நல்ல நிறம், ஊரே கேட்கிற மாதிரி தொண்டை. சோதனைக்கு ரத்தம் அனுப்பினோம். பொருந்துகிறது என்று போன் வந்தபோது நான் வெள்ளிமலைப் பக்கம் லோடு ஏற்றிக்கொண்டிருந்தேன். கீழே ஆள் அனுப்பி ஜிலேபி வாங்கிவரச் சொல்லி எல்லோருக்கும் கொடுத்தேன்.

கோவிந்தன் என்று என்னிடம் இருபது வருஷமாக மூட்டை தூக்குகிறவன், "இன்னாங்க மொதலாளி, பேரன் பொறந்ததுக்கா?" என்றான்.

"இல்லடா. பொருத்தம் வந்ததுக்கு."

"பொறந்ததுக்கு எப்ப குடுப்பீங்க?"

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

அதற்குப் பிறகு ஒன்றரை வருஷம் நான் அவனைப் பாதுகாத்த மாதிரி யாரும் யாரையும் பாதுகாத்திருக்க மாட்டார்கள். கொடுக்கிற பிள்ளை பத்துக் கிலோவாவது இருந்தால் நல்லது, எடைக்குத் தக்கபடிதான் மஜ்ஜை எடுக்க முடியும் என்று சொல்லியிருந்தார்கள். வெள்ளிக்கிழமை தோறும் மண்டியில் தராசுத் தட்டைத் துடைத்து, துணி விரித்து, அவனைப் படுக்கவைத்து நிறுத்தேன். எங்கள் ஊரில் பிள்ளையை நிறுத்து எடையை வாய்விட்டுச் சொல்வது கிடையாது, கண்பட்டுவிடும் என்பார்கள். நான் காலண்டரில் எழுதியே வைத்தேன். ஒருநாள் செல்வி வாசலில் நின்று பார்த்துவிட்டாள்.

"இன்னா மாமா, இன்னைக்குக் கிலோ இன்னா வெலைக்குப் போவுது?"

நான் பிள்ளையை எடுத்து அவள் கையில் கொடுத்துவிட்டு உள்ளே போய்விட்டேன். அடுத்த வெள்ளிக்கிழமையும் நிறுத்தேன்.

அது மட்டும் இல்லை. காது குத்தக் கூடாது என்றேன், ஊசியில் ஏதாவது தொற்றிக்கொண்டால் ரத்தம் கெட்டுவிடும் என்று. குலசாமி கோயிலில் மொட்டையும் வேண்டாம், கத்தி கீறிவிடும். தேருக்குத் தூக்கிப் போகக் கூடாது, கூட்டத்தில் காய்ச்சல் வரும். செல்வியின் அண்ணன் மடியில் உட்காரவைத்துக் காது குத்த, தாய்மாமன் சீர் எல்லாம் வாங்கி வைத்திருந்தான். ஒரு வருஷமாக அது அவன் வீட்டுப் பரணில் கிடக்கிறது.

பையனுக்கு ஒன்றரை வயதும் பத்தரைக் கிலோவும் ஆனதும் சென்னைக்கு வந்தோம். யாழினிக்கு அப்போது ஆறரை வயது. இங்கே ஒரு வழக்கம் இருக்கிறது. வாங்குகிற பிள்ளைக்கு ஒரு டாக்டர், கொடுக்கிற பிள்ளைக்கு வேறு டாக்டர். இரண்டாவது டாக்டர் ஒரு அம்மா. முதல் நாள் எங்களை உட்காரவைத்து, "நான் யாழினியோட டாக்டர் இல்லைங்க. தம்பியோட டாக்டர்" என்றார்.

"தம்பிக்கு ஒரு நோவும் இல்லீங்களே."

"நோவு இல்லாத புள்ளைக்கு ஊசி போடப் போறோம். அதனாலதான் அவனுக்குன்னு ஒரு ஆள் வேணும்."

மயக்க மருந்து, இடுப்பெலும்பில் ஊசி, வலி, இரும்புச் சொட்டு மருந்து என்று எல்லாம் சொல்லிவிட்டுக் கடைசியில் கேட்டார்: "மறுபடியும் தேவைப்பட்டா, திரும்ப இவன்கிட்ட கேப்பீங்களா?"

பெற்றவர்கள் இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். நான்தான் முந்திக்கொண்டேன்.

"ஒரு தரம்தாங்க. நான் சொன்னா சொன்னதுதான், ஊர்ல கேட்டுப் பாருங்க."

அவர் எழுதிக்கொண்டார்.

யாழினியைக் கண்ணாடி அறைக்குள் வைத்தார்கள். வெளிக்காற்று நேரே உள்ளே போகாத அறை. அவளுடைய பழைய மஜ்ஜையை அழிக்கப் பத்து நாள் மருந்து ஏற்றினார்கள். வாயெல்லாம் புண், எச்சில் விழுங்க முடியாது. முடி கொட்டிப்போனது. நான் கண்ணாடிக்கு வெளியே இருந்து போனில் பேசினால், "தாத்தா, உன் மண்டையும் என் மண்டையும் இப்ப ஒரே அச்சு. உனக்கு மட்டும் காதுல முடி கீது" என்பாள். அவ்வளவு வலியிலும் வாய்க்குக் குறைச்சல் இல்லை, என் பேத்தி.

மஜ்ஜை எடுத்த அன்றைக்கு நடந்ததை எழுதாமல் விடலாம் என்று பார்த்தேன். எழுதாவிட்டால் மற்றதெல்லாம் பொய்.

இரண்டாவது மாடியில் இனியனுக்கு நடந்தது. இரண்டு மணி நேரம் ஆகியிருக்கும். கதவு திறந்து ஒரு நர்ஸ் பெட்டியோடு வந்தார். உள்ளே ரத்தப் பை மாதிரி ஒன்று, இன்னும் கருஞ்சிவப்பாக. "இதுதாங்களா?" என்றேன். ஆமாம் என்றார். நான் அவர் பின்னாலேயே போனேன். லிஃப்டில் ஏறி ஆறாவது மாடிக்குப் போய், கண்ணாடிக்கு வெளியே நின்று, அந்தப் பை யாழினிக்குச் சொட்டுச் சொட்டாக இறங்குவதைக் கடைசிச் சொட்டு வரைக்கும் பார்த்தேன். என் வாழ்நாளில் நான் ஏற்றிய சரக்கிலேயே பெரிய சரக்கு அதுதான் என்று குமரேசனிடம் சொன்னேன். சாயங்காலம்தான் கீழே வந்தேன்.

இனியன் குப்புறப் படுத்திருந்தான். இடுப்பின் இரண்டு பக்கமும் பிளாஸ்திரி. அழுது அழுது தொண்டை கட்டிப்போய்ச் சத்தம் வரவில்லை, வாய் மட்டும் கோணிக்கொண்டிருந்தது. செல்வி அவன் பக்கத்தில் தலையை வைத்திருந்தாள், நிமிரவில்லை.

"பை போய்ச் சேர்ந்துச்சா மாமா?" என்றாள்.

இருபத்திரண்டாம் நாள் யாழினியின் ரத்தத்தில் அணுக்கள் ஏறத் தொடங்கின. தம்பியின் மஜ்ஜை அக்காவின் எலும்புக்குள் குடியேறிவிட்டது என்றார்கள். ரத்தம் ஏற்றுவது நின்றது, அவளைக் கண்ணாடி அறையிலிருந்து எங்களோடு விட்டார்கள். நாலு வாரம் போனது, ஏற்றவில்லை. எட்டு வாரம் போனது, ஏற்றவில்லை. ஆஸ்பத்திரி வராந்தாவில் நான் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டு திரிந்தேன்.

போன மாதம் ஒரு சோதனை. அவள் மஜ்ஜையில் எவ்வளவு தம்பியுடையது, எவ்வளவு பழையது என்று பிரித்துப் பார்ப்பது. தம்பியுடையது குறைந்திருக்கிறது, பழையது மறுபடி தலை தூக்குகிறது. மாத்திரையை மாற்றிப் பார்த்தார்கள். போன வாரம் இன்னும் குறைந்திருந்தது. யாழினியின் டாக்டர் சுற்றிவளைக்காமல் சொன்னார்: இப்படியே போனால் பழைய நிலைமைக்கே திரும்பிவிடும், தம்பியிடமிருந்து இன்னொரு தரம் எடுக்க வேண்டி வரலாம், அந்த மருந்தையெல்லாம் அவளும் இன்னொரு தரம் தாங்க வேண்டும்.

அறைக்கு வந்ததும் செல்விதான் முதலில் பேசினாள்.

"எடுத்துடலாம் மாமா."

எனக்கு ஆச்சரியமாகப் போய்விட்டது. "நீயாம்மா சொல்ற?"

"நான்தான் சொல்றேன். யாழினி மறுபடியும் வெளுத்துப் போறத என்னால பாக்க முடியாது. எனக்குத் தெரியும், நான் குடுத்துடுவேன். அவரும் குடுத்துடுவாரு. எங்க ரெண்டு பேருக்கும் இப்ப அவதான் கண்ணுல நிக்கறா." மடியில் இருந்த பையனை இறக்கி என் பக்கம் தள்ளினாள். "அதான் சொல்றேன், நீங்க இவன் பக்கம் இருங்க. தம்பியோட டாக்டரம்மா கூப்புட்டு கேக்கறப்போ நீங்க இவனுக்காவப் பேசுங்க. நாங்க பேச மாட்டோம்."

"நான் இன்னாம்மா பேசறது?"

"ஊர் பஞ்சாயத்தெல்லாம் பேசறீங்க இல்ல? இவன் நாயத்தையும் பேசுங்க. வாணாம்னு தோணுனா வாணாம்னு சொல்லுங்க. நான் உங்கள வெய்ய மாட்டேன்."

குமரேசன் சுவரைப் பார்த்துக்கொண்டு, "ஆமாம்பா" என்றான்.

போன வியாழக்கிழமை தம்பியின் டாக்டர் அறைக்குப் பையனைத் தூக்கிக்கொண்டு நான் மட்டும் போனேன். தம்பி சார்பாக வந்திருக்கிறேன் என்றேன். அவர் பழைய காகிதத்தை எடுத்தார். நான் ஒரு தரம்தான் என்று சொன்னது அதில் இருந்தது. அதைப் பற்றி அவர் கேட்கவில்லை.

"சரிங்க ஐயா. முதல்ல இவனைப் பத்திச் சொல்லுங்க."

நான் ஆரம்பித்தேன். பன்னிரண்டு கிலோ நானூறு. ஓ பாசிட்டிவ். போன முறை எடுத்த பிறகு ஹீமோகுளோபின் இவ்வளவு இறங்கி, இத்தனை நாளில் இவ்வளவு ஏறியது. தடுப்பூசி எல்லாம் போட்டாயிற்று. கடகடவென்று சொன்னேன், ஒன்றுகூடத் தப்பில்லை.

"அதெல்லாம் என்கிட்ட ஃபைல்ல இருக்குங்க. இவன் எப்படிப்பட்ட புள்ளை? என்ன புடிக்கும்? எதுக்குப் பயப்படுவான்? போன தடவைக்கு அப்புறம் ஏதாவது மாறியிருக்கானா?"

நான் பையனைப் பார்த்தேன். அவன் மேஜையில் இருந்த ஸ்டேப்ளரைப் பார்த்துக்கொண்டிருந்தான்.   அறுபத்தாறு வயதில் முதல் தடவையாக எனக்குத் தெரியாது என்று ஒப்புக்கொள்ள வேண்டியிருந்தது.

"ஒரு வாரம் டயம் குடுங்க" என்றேன்.

"எடுத்துக்குங்க. யாழினியோட டாக்டர்கிட்ட கேட்டுட்டேன், ஒரு வாரம் தாங்கும்."

இன்றைக்குத் திங்கள். ஆஸ்பத்திரி வேலையை எல்லாம் குமரேசனிடம் விட்டுவிட்டுக் காலையிலிருந்து இருட்டும் வரை நான் பையனோடு இருக்கிறேன். தயிர் பிடிக்காது, வாயில் வைத்தால் கண்ணை இறுக்கி மூடிக்கொள்கிறான். ரசஞ்சோற்றில் அப்பளம் நொறுக்கிப் போட்டால் தட்டையே நக்குகிறான். சந்தில் வருகிற ஒவ்வொரு ஆட்டோவுக்கும் ஒரே பெயர் வைத்திருக்கிறான், "டுர்ரா". தூக்கம் வந்தால் அடுத்தவர் காது மடலைப் பிடித்துக்கொண்டுதான் தூங்குகிறான், அது யார் காது என்று பார்ப்பதில்லை. இதெல்லாம் செல்விக்கு எப்போதோ தெரியும். என் கண்ணில் இப்போதுதான் பட்டது.

குளிப்பாட்டும்போது இடுப்பில் கை வைத்தால் திடுக்கென்று திரும்பிக் கையைத் தட்டிவிடுகிறான். புண் ஆறி மூன்று மாதத்துக்கு மேல் ஆகிறது, தழும்புகூடச் சரியாகத் தெரியவில்லை. இது போன தடவைக்கு அப்புறம் வந்ததா, முன்னாலேயே உண்டா என்று செல்வியைக் கேட்டேன். அப்புறம் வந்ததுதான் என்றாள். அதை டாக்டரிடம் சொல்ல வேண்டும்.

யாழினியைப் பற்றியும் சொல்ல வேண்டும். நேற்று அவள் தம்பியைப் பக்கத்தில் படுக்கவைத்து அவன் தலையில் தன் கையை வைத்து அளந்து பார்த்தாள். "தாத்தா, இவன் சின்னதா கீறானே. எனக்குப் போதுமா?" என்றாள். என்ன அர்த்தத்தில் கேட்டாள் என்று நான் கேட்கவில்லை.

சில நேரம் வேண்டாம் என்று சொல்லிவிடுகிற முடிவுக்கு வந்துவிடுகிறேன். அடுத்த நிமிஷமே அவள் வெளுத்த உள்ளங்கை கண் முன்னால் வருகிறது. எழுந்து சந்து முனை வரை நடந்துவிட்டு வருகிறேன். பையனையும் தூக்கிக்கொண்டுதான். இடுப்பில் கை படாமல், தோள்மேல் போட்டு. வியாழக்கிழமை டாக்டருக்குப் பதில் சொல்ல இன்னும் மூன்று நாள் இருக்கிறது.